சேத்தரக்கன் திருந்தினது போதும்

ஓடாதீங்க மிஸ், ஓடாதீங்க. பாதை வெளிக்கிட்டுட்டு, மிதவை கரைய விட்டு வந்துட்டு. இனி இறங்குறதெண்டா களப்புத் தண்ணிக்குள்ளதான் இறங்கணும், உங்கட சீலை நனையும். இருங்க, அந்தப் பலகையில இருங்க. மோட்டச்சைக்கிளப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஐயாவுக்குப் பக்கத்தில நல்ல நிழல் இரிக்கி. நான் உங்களக் கடிக்க மாட்டன். ரெண்டாம் பாகத்தோட நான் கடிக்கிறத விட்டுட்டன்தானே, நீங்கதானே எழுதினீங்க.

ஓம், பேர் நல்லரத்தினம்தான். ஆனா அந்தப் பேர் இப்ப அடையாள அட்டையிலயும் கரண்டு பில்லிலயும் மட்டுந்தான் இரிக்கி. மத்த இடமெல்லாம் சேத்தரக்கன். தேத்தண்ணிக் கடையில கூட, சேத்தரக்கனுக்கு ஒரு பிளேன்ரீ, சீனி போடாம எண்டுதான் உள்ளுக்குச் சத்தம் குடுக்கான். அரக்கனுக்குச் சீனி வருத்தம் இரிக்கெண்டு உங்கட கொமிக் படக்கதைப் புத்தகத்தில நீங்க போடல்ல. மறந்துட்டீங்க போல.

மன்னிப்பா? எதுக்கு மிஸ் மன்னிப்பு? பொறுங்க, நான் முழுக்கச் சொல்லி முடிக்கிறன். மண்டூர்க் கோயில்ல வாயத் துணியால கட்டிக்கொண்டுதான் பூசை செய்வாங்க. உனக்கும் அப்பிடி ஒரு துணி கட்டினா வீடு கோயிலாப் போகும் எண்டு என்ட பொஞ்சாதி கேதீஸ்வரி சொல்லுவாள். இண்டைக்குக் கட்டல்ல. அங்கால கரைக்குப் போக இருவது நிமிசம் இரிக்கி.

ரெண்டு வருசத்துக்கு முதல் நீங்க டவுனில இருந்து வந்து இந்தப் பாதையில ஏறினீங்க, ஞாபகமா? இதே பலகையில இருந்து கொப்பியில என்னமோ படம் கீறிக்கொண்டு வந்தீங்க. நாங்க நினைச்சம், கொக்கு கீறுறா, கண்டல் மரம் கீறுறா எண்டு. வெள்ளக்காரனெல்லாம் அதத்தானே படம் எடுக்கான். இடையில என்னட்டக் கேட்டீங்க, எஞ்சின் பூட்டின பாதைக்கு உங்கட கையில கம்பு எதுக்கு ஐயா எண்டு. நாய்க்கு எண்டு சொன்னன். நீங்களும் நம்பிட்டீங்க. பாதையில என்ன நாய் மிஸ்?

மூணு மாசத்தால பள்ளிக்கூடத்தில புள்ளையளுக்குச் சும்மா குடுத்தாங்க, மேர்லின் மிஸ் எழுதிக் கீறின கொமிக் புத்தகம் எண்டு. களப்பக் காப்பாத்துற கதையாம். திறந்து பாத்தா, தோணி மேல ஒருத்தன் நெஞ்ச நிமித்திக்கொண்டு நிக்கான், தோணிமாறன். மூஞ்சி அச்சொட்டா நம்மட ஜெயந்தன். அந்தா, எஞ்சின் அடியில கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிக்கானே, அவன்தான். அடுத்த பக்கத்தப் புரட்டினா, சேத்துக்குள்ள இருந்து ஒரு சனியன் எழும்பி வருது. கையில கம்பு. அதுதான் நான்.

பல்லு மட்டும் உங்களுக்குக் கொஞ்சம் கூடிட்டு மிஸ். என்ட வாயில இரிக்கிறது பதினேழு. நீங்க முப்பத்தாறு கீறியிருந்தீங்க, நான் எண்ணினன். அதுவும் கூரா. பதினேழ வச்சே எனக்கு இறால் கடிக்க ஏலாமக் கிடக்கு. தொந்தி வண்டியும் அவ்வளவு பெருசில்ல. நான் ஆமைக்குக் கம்பால அடிச்சனாம், மீனுக்கு நஞ்சு வச்சனாம். ஆமையெல்லாம் என்னக் கண்டு பயந்து ஓடுதாம். இஞ்ச என்ட பழைய வலையக் கிழிச்ச ஆமைக்கு ஒரு ஏச்சுக் கூட நான் ஏசினதில்ல. பொஞ்சாதியட்டக் கொண்டுபோய்க் காட்டினன், பாரு இந்த அநியாயத்த எண்டு. அவள் கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, மூக்கு நல்லாச் சரியா வந்திரிக்கி எண்டாள்.

ஜெயந்தனுக்கு என்ன, அவனுக்குக் கொண்டாட்டம். பாதையில ஏறுற புள்ளையெல்லாம் அவனுக்குச் சலூட் அடிக்கிதுகள். அவன் ஒரு கையால சீப்பெடுத்துத் தலை இழுக்கான், மத்தக் கையால எஞ்சினத் திருப்புறான். ஒரு நாள் தலை இழுத்த இழுவையில பாதையக் கொண்டுபோய்த் துறையில இடிச்சு, ஒரு மனிசிட தக்காளிப் பெட்டி கவிண்டு போச்சு. புத்தகத்தில களப்பையே காப்பாத்தினவனுக்கு ஒரு தக்காளிப் பெட்டியக் காப்பாத்த ஏலாமப் போயிட்டு.

அதுக்கு நான் கோவப்பட்டனா? இல்ல மிஸ். எல்லாரும் அப்பிடித்தான் நினைக்காங்க, நீங்களும் என்னக் கண்டு ஓடப் பாத்தீங்க. சத்தியமாச் சொல்றன், முதலாம் பாகம் வந்த அந்த ஒரு வருசம் போல நிம்மதியா நான் இருந்ததில்ல. துறையில நான் கனைச்சாப் போதும், தண்ணியில கால் நனைக்க வந்த புள்ளையள் ரோட்டுல போய் நிக்கும். சோறு தின்னாத புள்ளையள இடுப்பில தூக்கிக்கொண்டு தாய்மார் என்னத் தேடி வருவாங்க. அண்ணே, இவனக் கொஞ்சம் முறைச்சுப் பாருங்க எண்டுவாங்க. நான் முறைப்பன். ஆ எண்டு வாயத் திறக்கும், ஒரு கவளம் உள்ளுக்குப் போகும். நம்மட ஊரில ஒரு வருசம் புள்ளையள் ஒழுங்காச் சாப்பிட்டதெண்டா அது என்னாலதான். அதுக்கு ஒரு சான்றிதழும் தரல்ல ஆரும்.

மறுகா வந்திச்சு ரெண்டாம் பாகம்.

அதில தோணிமாறனுக்குத் தலக்கனம் பிடிச்சிட்டு. களப்பு முழுக்க எனக்குத்தான் எண்டு வேலி அடிக்கான், மீனெல்லாத்தையும் தனக்கெண்டு அள்ளுறான். சரி, அது நடக்கிறதுதான், தலைவராப் போன எத்தின பேரப் பாத்திட்டம். ஆனா சேத்தரக்கன் எப்பிடித் திருந்தினவன்? ஒரு ஆமைக்குஞ்சிட கண்ணப் பாத்தானாம். கண்ணீர் வந்திச்சாம். திருந்திட்டானாம். முப்பது வருசமா ஒரு மனிசி அழுது திருத்த ஏலாத ஆள், ஆமைக்குஞ்சு ஒருக்காப் பாத்ததுக்குத் திருந்திட்டான். பொஞ்சாதி அந்தப் பக்கத்த வாசிச்சிட்டு மூணு நாள் என்னோட கதைக்கல்ல.

என்ன? ஓ, இப்ப உலகம் முழுக்க அப்பிடியா? நல்லவன் கெட்டுப் போவான், கெட்டவன் நல்லவனாகுவான், அப்பதான் வாசிக்கிறவங்களுக்கு விருப்பமா? ஒரே ஆள் ஒரே மாதிரி இருந்தா அலுக்குமோ? அது சரி. இந்தப் பாதையும் எத்தினையோ வருசமா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்தான் போகுது. அலுக்குது எண்டு ஒரு நாளைக்கு ஆழ்கடலுக்கு விடுவமா? அந்த ஐயா ஓம் எண்டுறாரோ கேட்டுப் பாருங்க.

சரி, நான் நல்லவனாகின கதையக் கேளுங்க. முதல்ல ஒரு சின்னப் புள்ள வந்து என்ட கையில ஒரு டொபி வச்சிட்டுப் போச்சு. சீனி வருத்தக்காரனுக்கு டொபி. மறுகா படம் கீறிக்கொண்டு வந்து குடுத்திச்சுகள். மறுகா செல்பி. பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு என்னச் சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டு மாலை போட்டாங்க மிஸ், மாலை! புள்ளையள் முயல் போல பாயிற முயல் ஓட்டத்துக்கு நான்தான் விசில் ஊதினன். ரெண்டு மூணு முயல் ஓடாம வந்து என்ட காலக் கட்டிப் பிடிச்சிட்டுகள். ஊதின எனக்கே வெக்கமாப் போயிட்டு.

ஜெயந்தனக் கேளுங்க. கெட்டவனாக்கிட்டாங்களே எண்டு ரெண்டு நாள் சாப்பிடல்ல அவன். தாய் வந்து என்னோட சண்டை, ஏதோ நான்தான் கீறினது போல. மூணாம் நாள் பாத்தா, கறுப்பு ரீசேட், கறுப்புக் கண்ணாடி, ஒரு பக்கத்தால சிரிக்கிற சிரிப்பு. கெட்டவனாகினாப் பிறகுதான் அவனுக்கு மவுசு. ரியூசன் போற பொட்டையள் பஸ்ஸ விட்டுட்டு இந்தப் பாதையால வருதுகள். நான் அவனட்டச் சொன்னன், டேய், நீதான் இப்ப அரக்கன், இந்தா கம்பு, நீ புள்ளையள வெருட்டு எண்டு. வெருட்டினான். கைதட்டுதுகள் மிஸ். இன்னொருக்கா வெருட்டுங்க அண்ணா எண்டு கேக்குதுகள். அழகா இரிக்கிற கெட்டவனுக்கு இந்த உலகத்தில ஆர் பயப்படுவா?

சிரிக்காதீங்க. இஞ்ச வந்து பாருங்க. அந்தக் கரையோரம் தெரியிதா, பொம்புளையள் இடுப்பளவு தண்ணியில நிண்டு கையால இறால் தடவிப் பிடிக்கிறாங்க. அப்பிடியே அரைக்கட்டை, அரை மைல் தூரம் நடந்து போகலாம், தண்ணி நெஞ்சுக்கு மேல வராது. அதால இந்தப் பக்கத்துப் புள்ளையளுக்கு நீச்சல் தெரியா. தண்ணிக்குப் பக்கத்தில பிறந்து வளந்ததுகளுக்கு நீச்சல் தெரியாதா எண்டு டவுன் ஆக்கள் கேப்பாங்க. எதுக்குத் தெரியணும்? முழங்கால் தண்ணியில ஆர் நீந்துறா? களப்பெண்டா நடந்து போற இடம் எண்டுதான் எங்களுக்கு நினைப்பு. எனக்கும் அப்பிடித்தான் நினைப்பு இருந்த.

இப்ப இஞ்சால பாருங்க, பாதைக்குக் கீழ. தண்ணிட நிறம் வேற. பாதை தரை தட்டுது எண்டு எப்பவோ வெட்டின வாய்க்கால் இது. ரெண்டு ஆள் ஆழம். நாம ஏறின துறையில இருந்து முப்பது பாகம், முப்பது ஆள் கைய விரிச்சு நிண்ட தூரம் தள்ளி, முழங்கால் தண்ணி முடியிற இடத்தில தொடங்கி, படி ஒண்டும் இல்லாம அப்பிடியே கீழ போகும். மேல இருந்து பாத்தா ஒண்டும் தெரியா. ரெண்டு தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டம். கொக்குக்கு இருக்க நல்ல வசதி.

அதுக்குத்தான் மிஸ் கம்பு. நாய்க்கில்ல.

பதினொரு வருசமா துறையில புள்ளையள வெருட்டுறன் நான். நீங்க வந்த அண்டைக்கும் நாலு பேரத் துரத்திக்கொண்டு நிண்டன், அதக் கண்டுட்டுத்தான் நீங்க என்ன அரக்கனாக் கீறினீங்க. சரியாத்தான் கீறினீங்க. ஒரு விசயம் கேளுங்க. நான் இந்தப் பாதையில வேலை செய்யிறவன். பாதை அங்கால போனா நானும் அங்கால போயிருவன். போகவர முக்கால் மணித்தியாலம் இஞ்சால துறையில ஆருமில்ல. ஆனா பயம் இருந்திச்சே, அது என்னோட பாதையில ஏறி வராது. அது கரையில நிண்டு காவல் காக்கும். சேத்தரக்கன் தண்ணிக்குக் கீழ இரிக்கான், கால் வச்சா இழுப்பான் எண்டு உங்கட முதலாம் பாகம் சொன்னதுதானே. இந்தப் பாசம் இரிக்கே, இது நான் போற இடமெல்லாம் எனக்குப் பின்னால வருது. துறையில நிக்க மாட்டேனெண்டுது.

இப்ப தாய்மார் என்ன சொல்றாங்க தெரியுமா? மாமா இரிக்கார்தானே, போய் விளையாடுங்க எண்டுறாங்க. மாமா எங்க இரிக்கார்? மாமா அங்கால கரையில மோட்டச்சைக்கிள் ஏத்துறார்.

போன செவ்வாய் நடந்தது உங்களுக்கு ஆரும் சொல்லல்லயா? அதுதானே, ஆர் சொல்லப் போறா. பாதை அங்கால இருந்து திரும்பி வருது. இஞ்சால துறையில நிதுர்ஷன் எண்டு ஏழு வயசுப் பொடியன், கடைக்கார மனிசிட பேரன், என்னக் கண்டுட்டான். சேத்தரக்கன் மாமா எண்டு கத்திக்கொண்டு தண்ணிக்குள்ள இறங்கி வாறான். நான் ஏசினன். இப்ப உங்களுக்கு முன்னால சொல்ல ஏலாத தூசணமெல்லாம் சொல்லி ஏசினன். கம்பத் தூக்கி ஆட்டினன். அவன் சிரிக்கான் மிஸ். நல்ல அரக்கன் பகிடி விடுறான் எண்டு நினைச்சுச் சிரிச்சுச் சிரிச்சு வாறான். வாய்க்கால் ஓரத்தில கால் வச்சான். ஆளக் காணல்ல.

உயிரோட இரிக்கான், இரிக்கான். முகத்த அப்பிடி வச்சிக்கொள்ளாதீங்க. நான் குதிச்சன், தலைமயிர் கையில மாட்டிச்சு, இழுத்திட்டன். ஜெயந்தனும் கண்ணாடியோட குதிச்சான், அதையும் சொல்லணும். கெட்டவனாகினாலும் குதிச்சான். கரையில போட்டு வயித்த அமத்தித் தண்ணியெல்லாம் கக்கினாப் பிறகு அந்தப் பொடியன் கண்ணத் திறந்து என்னட்டக் கேட்டது, மாமா, உங்களுக்குத் தண்ணிக்குள்ள மூச்சு விட ஏலும்தானே எண்டு. தாய் என்ட காலில விழுந்து கும்பிட்டா. நீங்க இருந்தபடியால்தான் எண்டு அழுதா. நான் இருந்தபடியால்தான். ஓம்.

அதுக்குப் பிறகாவது பயப்படும் எண்டு பாத்தன். இல்ல. இப்ப நான் உண்மையாவே காப்பாத்துற அரக்கனாம். அண்டைக்குப் பின்னேரமே ஆறு பேர் துறையில.

இப்ப மூணாம் பாகமா? அதுக்குத்தான் என்னப் படம் எடுக்க வந்தீங்களா? கதை என்ன? தோணிமாறனும் திருந்தி, நானும் திருந்தி, ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு, புள்ளையளோட களப்பில குளிக்கிறம். நல்லா இரிக்கி. கண்ணீர் வருது. ஆமைக்குஞ்சு எங்க, அது வரல்லயா இந்த முறை?

நான் சொல்றத எழுதுங்க மிஸ். சேத்தரக்கன் நடிச்சவன். அவன் திருந்தவே இல்ல. புள்ளையளப் பிடிக்கிறதுக்காக நல்லவன் போல நடிச்சவன் எண்டு முதல் பக்கத்திலயே போடுங்க. பல்லு முப்பத்தாறு காணாது, அம்பது போடுங்க. நகத்த நீட்டி விடுங்க. ஜெயந்தன நீங்க நல்லவனாக்குங்க, கெட்டவனாக்குங்க, அவன் எப்பிடிப் போனாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு போவான். என்னக் கெட்டவனாக்கித் தாங்க. அடுத்த கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை விடுது. புத்தகம் அச்சடிச்சு வர நாள் போகும் எண்டா, ஒரே ஒரு பக்கம் கீறித் தாங்க, நான் போட்டோக் கொப்பி அடிச்சுத் துறையில ஒட்டுறன்.

மனிசர் மாறுவாங்க எண்டு புள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கணுமா? சொல்லிக் குடுங்க. வேண்டாமெண்டு ஆர் சொன்ன? நானும் மாறின ஆள்தான். ஆனா நீங்க கீறின பக்கத்துக்கு மாறல்ல.

நான் வெருட்டுறது வெறும் வெருட்டு இல்ல மிஸ். எனக்கு நல்லவனா இருந்து பழக்கம் இரிக்கி. கேளுங்க, கரையும் கிட்ட வந்துட்டு. உங்கட ரெண்டாம் பாகத்தில கடைசிப் பக்கம் இரிக்கே. சேத்தரக்கன் கம்ப முறிச்சு எறிஞ்சிட்டு, பாதைக்கு முன்னால வெறுங்கையோட நிண்டு சிரிக்கான். கையத் தூக்கி ஆட்டுறான். புள்ளையெல்லாம் தண்ணிக்குள்ள அவனுக்கு எதிர ஓடி வருதுகள். அதப் பாத்த அண்டைக்கு நான் கேதீஸ்வரியட்டக் கேட்டன், இது எப்பிடி படம் கீறின அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சது, நீயா சொன்ன எண்டு. அவள் புத்தகத்த எடுத்து அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாள். மூணு நாள் கதைக்காம இருந்தது அதுக்குத்தான், ஆமைக்குஞ்சுக்கில்ல.

எங்களுக்கு ஒரு மகள். கஜானி. இருந்தா இப்ப பத்தொம்பது. பள்ளிக்கூடம் விட்டதும் வெள்ளைச் சட்டையோட துறையில வந்து நிப்பா, நான் வரும் வரைக்கும். ஒரு நாளும் அவள நான் ஏசினதில்ல. என்னில ஒரு துளி பயமில்ல அவளுக்கு. அண்டைக்குப் பாதை வாய்க்காலுக்குக் கிட்ட வரக்குள்ள நான் முன்னுக்கு நிண்டன். கையில ஒண்டுமில்ல. அவளக் கண்டன், கையத் தூக்கி ஆட்டினன். தகப்பன்மார் ஆட்டுறதுதானே. அவ செருப்பக் கழட்டி வச்சிட்டு, சட்டைய ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கொண்டு எதிர வந்தா. முழங்கால் தண்ணி. நானும் ஆட்டிக்கொண்டுதான் நிண்டன். சிரிச்சுக்கொண்டு.

சரி, கரை வந்துட்டு. பாத்து இறங்குங்க, பலகை வழுக்கும். இந்தா, என்ட கையப் பிடிங்க. பல்லு எத்தினையெண்டாலும் போடுங்க மகள், மூஞ்சிய எப்பிடியெண்டாலும் கீறுங்க. கம்ப மட்டும் மறக்காமக் கையில குடுத்திருங்க. வெறுங்கையா நிண்டா அந்தக் கை தன்பாட்டுக்கு மேல போயிரும்.